வால் போடாத மீன்

எங்கள் ஆபீஸ் சைக்ளோஸ்டைல் மெஷினுக்கு இடது பக்கம் எப்போதும் சோகை. வலது பக்கத்தில் எழுத்து மை சொட்ட விழும். இடது பக்கம் வெளுத்துப் போய், வரியின் தொடக்கமே இல்லாமல் வாக்கியங்கள் நடுவிலிருந்து ஆரம்பிக்கும். ‘மீனவர் கூட்டுறவுச் சங்கம்’ என்று தலைப்பு அடித்தால் ‘றவுச் சங்கம்’ என்று வெளியே வரும். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் அதற்கு ஒரே ஒரு வைத்தியம்தான் வைத்திருந்தார். மேஜைக் காலில் ஓர் உதை.

நான் உதைக்கவில்லை. பக்கத்து சைக்கிள் கடையில் திருப்புளி வாங்கி வந்து மெஷினைப் பிரித்துப் போட்டேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பி.யூ.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் பாஸ் செய்துவிட்டு, ராயபுரத்தில் கடலைப் பார்த்தபடி இருந்த அந்தச் சங்கத்தின் மாடி அறைக்கு வேலைக்குப் போயிருந்தேன். கீழே வலைக் கிடங்கு, மேலே நாங்கள். நாங்கள் என்றால் நானும் காரியதரிசியும்தான். மாதா கோயிலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ரயில்வே கூட்ஸ் யார்டில் வேலை. என்னைக் கான்வென்ட் டீச்சராக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. எனக்கோ ஓரிடத்தில் உட்கார முடியாது. எது சத்தம் போட்டாலும் அது ஏன் போடுகிறது என்று எட்டிப் பார்த்தாக வேண்டும்.

மெஷின் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. உள்ளே மை, வெளியே உருளை, உருளையின் மேல் போர்த்திய மெழுகுத்தாள். அதைத்தான் ஸ்டென்சில் என்போம். டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு அதில் அடித்தால், எழுத்துப் பட்ட இடத்தில் மெழுகு விலகிக்கொள்ளும். கைப்பிடியைச் சுற்றினால் அந்த வழியாக மை கசிந்து தாளில் பதியும். ஒரு சுற்றுக்கு ஒரு தாள், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானுக்குள் ஆயிரம் தொல்லை. கடற்காற்றில் தாள் நமுத்துப் போய் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். ரப்பர் உருளையில் பிசுக்கு ஏறினால் ஒன்றுமே போகாது. ஸ்டென்சிலை மாட்டும்போது மயிரிழை சுருக்கம் விழுந்தாலும் பக்கத்தின் குறுக்கே கறுப்பாக ஓர் ஆறு ஓடும். அச்சான தாள்களை அவசரப்பட்டு அடுக்கினால் ஒன்றின் மை இன்னொன்றின் முதுகில் ஒட்டும்.

எண்பது பக்க நோட்டு ஒன்றில் இடப்பக்கம் நோய், வலப்பக்கம் மருந்து என்று எழுதிக்கொண்டு வந்தேன். தாள் ஒட்டினால் கட்டு முழுவதையும் விசிறி போல் விரித்து உதறு. பிசுக்குக்கு மண்ணெண்ணெய்த் துணி. சுருக்கத்துக்கு, கீழ் முனையைப் பிடித்து இழுத்து மறுபடி போர்த்து. இப்படிப் பதினேழு நோய்க்கு மருந்து கண்டுபிடித்திருந்தேன். இடது பக்கச் சோகைக்கு மட்டும் வலப்பக்கம் காலியாக இருந்தது.

நான் கெடுத்த தாள்கள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே போய்ச் சேரும். அங்கே ஒரு கருவாட்டுக்கார அம்மா கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நெத்திலி, வாளை, காரப்பொடி. வாரத்தில் நாலு நாள் எங்கள் படிக்கட்டடியில் வியாபாரம், ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வடக்கே சூளூர்ப்பேட்டைச் சந்தை.

“இன்னா டைப்பு, இன்னிக்கு எத்தினி பாழ் பண்ணே?” என்று கீழே இருந்தே கேட்பாள்.

“முப்பது.”

“அவ்ளோதானா. நீ வேலையைக் கத்துக்காதடி. நீ கத்துக்கினா என் நெத்திலிக்குச் சட்டை இல்லாம போயிடும்.”

முதல் இருபது காப்பி கழிவு என்பது என் சட்டம். மை சீராகும் வரைக்கும் வருவதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். காரியதரிசிக்கு அது பிடிக்கும். துறைமுக ஆபீஸில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தாளில் ஒரு கறை இருந்தால் அவருக்குச் சட்டையில் கறை பட்ட மாதிரி.

அது ஆடி மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேற்கே வானம் கறுத்தது. ஆடியில் இப்படி வரும், கொஞ்ச நேரம் அடித்துவிட்டுப் போகும். ஆனால் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று அது. கட்டுமரத்தில் போனவர்கள் பயப்படுவதெல்லாம் அதற்குத்தான். ஜன்னலைச் சாத்தக்கூட முடியவில்லை. ஸ்டென்சில் பெட்டியின் மேல் நான் படுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது அதுதான் கவலை.

அன்று போன மரங்களில் ஒன்று திரும்பவில்லை. அதில் இரண்டு பேர், ஒருவரும் அவர் மனைவியின் தம்பியும். புதன்கிழமை விடிந்ததும் அந்தத் தம்பியை மட்டும் வேறொரு மரத்துக்காரர்கள் எண்ணூருக்கு நேரே தண்ணீரிலிருந்து தூக்கி வந்தார்கள். என் வயதுதான் இருக்கும் அவனுக்கு. மரம் கட்டிய கயிறு அறுந்து கட்டைகள் பிரிந்துவிட்டன. அவன் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டான், அவர் இன்னொரு கட்டையை. துறைமுகத்து லாஞ்சு போய்ப் புதன் முழுக்கத் தேடிவிட்டு வெறுமனே திரும்பியது.

வியாழக்கிழமை காலையில் அவன் தன் அக்காளை அழைத்துக்கொண்டு எங்கள் படியேறி வந்தான். குரல் கட்டிப்போயிருந்தது.

“வடக்கால போய்கினே இருந்தாரு சார். கைய காமிச்சாரு. நானும் காமிச்சேன். அப்பால நடுவுல ஒரு அலை எழுந்துச்சு. அது எறங்கறதுக்குள்ள மச்சானைக் காணோம். ஆனா கட்டைய விடல. அவுரு விட மாட்டாரு சார், எனக்குத் தெரியும்.”

அந்த அக்கா முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடியில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும். பழவேற்காட்டுக்கு அப்பால் தெலுங்குக் குப்பங்களில் ஆட்கள் ஒதுங்குவது உண்டு. முந்தின வருஷம் ஒருவர் அப்படித்தான் ஒதுங்கி, யாரோ கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு பத்தாம் நாள் ரயிலில் வந்து இறங்கினார். அதனால் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. எங்கே ஒதுங்கியிருக்கிறார் என்று சீக்கிரம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கண்டவர்கள் சொல்ல வேண்டும் என்றால் யாரைக் காணவில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். காரியதரிசி என் பக்கம் திரும்பினார்.

“ஒரு அறிவிப்பு அடிம்மா. தமிழும் இங்கிலீஷும் போடு. அப்பத்தான் ஸ்டேஷன் மாஸ்டர், போலீஸ், தாசில்தார் வரைக்கும் படிப்பாங்க. தம்பி, நீ தாளெல்லாம் எடுத்துகினு சாயங்காலம் அஞ்சு மணி ரயிலைப் பிடி.”

நான் பென்சிலைத் தீட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து அங்க அடையாளம் கேட்டேன். விண்ணப்பப் பாரத்தில் எப்படிக் கேட்பார்களோ அப்படி. உயரம் என்ன என்றேன்.

“என் தலை அவுரு தோளுக்கு வரும்.”

என்ன உடை என்றேன். கடலுக்குப் போகிறவர் என்ன உடுத்துவார். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு முகம் சுட்டது. போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. எடுத்ததே இல்லை. அவள் தன் வலது முன்கையைத் திருப்பிக் காட்டினாள்.

“இங்க பச்ச கீது தங்கச்சி. மீனு. ஒத்தியூரு திருநாளுக்குப் போனப்போ குத்திக்கினாரு. பச்ச குத்தறவ கண்ணு, செவுளு, செதிலு எல்லாம் போட்டுட்டா. வாலு போடறதுக்குள்ளாற ஊசி தாங்காம எழுந்து ஓடியாந்துட்டாரு. முழு மீனுக்குக் காசு குட்த்துட்டு அர மீனு வாங்கினு வந்தியான்னு நான் சிரிச்சிகினே கெடந்தேன்.”

சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அதை அடக்கத் தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் பென்சிலை வாங்கி அவளே வரைந்து காட்டினாள். மீன் அறுக்கும் கத்தியைப் பிடிப்பது போலப் பென்சிலைப் பிடித்தாள். தலை, கண், கூரை ஓடு மாதிரி அடுக்கடுக்காகச் செதில், அப்புறம் சட்டென்று வெறும் இடம். நான் எழுத்தை அடித்து முடித்துவிட்டு, ஸ்டென்சிலின் வலது கீழ் மூலையில் ஊசிப் பேனாவால் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன்.

மத்தியானம் சுற்ற ஆரம்பித்தேன். அன்றைக்கென்று எல்லா நோயும் ஒன்றாக வந்தன. தாள் இரண்டிரண்டாகப் போனது. ஸ்டென்சில் நடுவே சுருங்கியது. இடது பக்கம் வழக்கத்தைவிட மோசம். பெயர், வயது, ஊர் எல்லாம் வரிக்குப் பாதி தெரியவில்லை. வலது மூலையில் மட்டும் மை குளம் கட்டி, அந்த மீன் கொழுகொழுவென்று கன்னங்கரேலென்று விழுந்திருந்தது. காரியதரிசி ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“மீனுக்கு வால் எங்கம்மா? அதையும் மெஷின் முழுங்கிடுச்சா?”

“அது அப்படித்தான் சார். வால் கிடையாது.”

நாற்பது தாள் ஆகியிருந்தது. அத்தனையும் கழிவு. நான் கையை உதறிக்கொண்டு நின்றேன். அந்த அக்கா மெல்ல எழுந்து வந்து ஒரு தாளை எடுத்தாள். மை காயவில்லை. அவள் கட்டைவிரலில் ஒட்டியது.

“இது போதாதா தங்கச்சி? மீனு தெரியுது பாரு.”

“எழுத்தே பாதி இல்லக்கா. யார்னு யாருக்கும் புரியாது. இது தப்பான காப்பி.”

“தோ, நல்லாத்தானே கீது,” என்றான் தம்பி. “ரயிலு அஞ்சு மணிக்குப் போவுது. இத்தயே குட்த்துடு, நான் வாயால சொல்லிக்கிறேன்.”

நான் மாட்டேன் என்றேன். நாளைக்குள் சரி செய்துவிடுவேன், பளிச்சென்று அடித்துத் தருகிறேன், ஒரே ஒரு நாள் என்றேன். காரியதரிசியும் என் பக்கம் பேசினார். சங்கத்துப் பெயரில் போகிற காகிதம் கலீஜாகப் போகக் கூடாது, போலீஸ் ஸ்டேஷனில் இதைக் குப்பை என்று ஓரம் கட்டிவிடுவார்கள் என்றார். அவன் அக்காளைப் பார்த்தான். படித்தவர்கள் இரண்டு பேர் சொல்கிறோம். அவள் தாளைத் திரும்ப மேஜையில் வைத்துவிட்டாள்.

நாற்பது தாளையும் அள்ளிக்கொண்டு போய்க் கருவாட்டுக்கார அம்மாவிடம் கொடுத்தேன். அன்று அவள் எத்தனை என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் வந்து மெஷினை முழுதாகப் பிரித்தேன். உருளையைச் சுற்றியிருந்த பட்டுத் துணியைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, இடது ஓரம் முழுக்கப் பழைய மை காய்ந்து அடைத்திருந்தது. வருஷக்கணக்கான மை. அதைத் தாண்டி எதுவும் வர வழியில்லை. இத்தனை நாள் தேடிய மருந்து கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் நோட்டை எடுத்து அந்தக் காலி இடத்தில் அப்போதே எழுதினேன். மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பழைய பல் பிரஷால் இழை இழையாகத் தேய்த்தேன்.

அந்த ஸ்டென்சில் கசங்கிவிட்டது. புதிது வேண்டும். பெட்டியில் மிச்சமிருந்த இரண்டும் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பஸ் பிடித்து யானைக்கவுனி பக்கம் காகிதக் கடைக்குப் போனேன். அங்கே மதியம் வரை கடை திறக்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்து மறுபடி டைப் அடித்து, மறுபடி மீனை வரைந்தேன். இந்தத் தடவை ஊசியை அழுத்தாமல் மெல்லிய கோடாக. போன தடவை கோடு அகலமானதால்தானே மை குளம் கட்டியது. இப்போது அடக்கமான, அழகான மீன். வால் இல்லாதது கண்ணுக்கு உறுத்தியது. ஊசி அங்கே போய் நின்றது. நல்ல வேளை, போடவில்லை. அதற்குள் பொழுது சாய்ந்து, அன்றைய ரயிலும் போயிற்று.

சனிக்கிழமை காலை தாள் முழுக்க நமுத்திருந்தது. மொட்டை மாடியில் பரப்பி மேலே கல் வைத்துக் காய வைத்தேன். துறைமுகத்திலிருந்து இரும்புத்தாதுத் தூள் பறந்து வந்து ஒவ்வொரு தாளிலும் செம்மண் நிறத்தில் படிந்தது. ஒவ்வொன்றாகத் துணியால் தட்டினேன். பத்தரை மணிக்குச் சுற்றினேன். இடமும் வலமும் ஒரே சீராக, ‘காணவில்லை’ என்ற தலைப்பிலிருந்து காரியதரிசியின் கையெழுத்து வரைக்கும், ஓர் எழுத்து குறையாமல் வந்தது. இருநூறு தாள். ஒன்றின் மை இன்னொன்றில் ஒட்டாமல் நடுவே செய்தித்தாள் வைத்து அடுக்கினேன். அப்போது நான் பாடிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். பாடிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த அக்கா இரண்டு நாளும் மாடிப்படியின் கீழ்ப்படியில் கருவாட்டுக்கார அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் தாள் கட்டைக் கொண்டு போய்க் காட்டினேன். ஒரு தாளை மடியில் வைத்துப் பார்த்தாள்.

“மீனு எளச்சிப் போச்சே,” என்றாள்.

சாயங்கால ரயிலில் தம்பி கட்டோடு போனான். ஸ்டேஷன்களில் ஒட்டினான். போலீஸில் கொடுத்தான். பழவேற்காட்டில் ஏலம் விடும் இடத்தில் கொடுத்தான். ஏரிக்கு அந்தப் பக்கம் எந்தக் குப்பத்துக்குப் போவது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை காலை நான் படியேறும்போது கருவாட்டுக்கார அம்மா கூடையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“டைப்பு, நான் இத்த எப்டிடி அவகைல சொல்லுவேன்?”

பிறகு என்னிடம் சொல்லிப் பார்த்துக்கொள்வது போல மெதுவாகச் சொன்னாள்.

“நேத்து சந்தையில நெத்திலி கட்டிக் குட்த்துகினு கீறேன். எம் பக்கத்துல ஒருத்தி குந்துவா, ஏரிக்கு வடக்கால ஒரு குப்பத்துக்காரி, அவளும் கருவாடுதான். கட்டிகினு கீற பொட்லத்தைப் படக்குனு கைல இருந்து புடுங்கிட்டா. இன்னாடி பேஜாரு பண்றேன்னேன். அவ காயிதத்தை நீவி நீவிப் பாக்கறா. மீனைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறா. இந்த மீனு இருந்த கைய நான் தொடச்சேன்னு சொல்றா.”

அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை விடியற்காலையில் அந்தக் குப்பத்தில் ஒதுங்கியிருக்கிறார். கட்டையோடு. உயிரோடு. உப்பில் நாக்கு வீங்கிப் போய் ஒரு சொல்லும் வரவில்லை. அந்தப் பெண்தான் தன் வீட்டில் கிடத்தி, நல்ல தண்ணீரால் உடம்பைத் துடைத்து, இளநீரைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை முழுக்கக் கண்ணைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறார். ஆள் வரும் சத்தம் கேட்டால் வாசல் பக்கம் தலையைத் திருப்புவாராம். தெற்கே கையைக் காட்டினாராம். தெற்கே என்றால் எத்தனை குப்பம். அவர்களும் பழவேற்காடு வரை ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டார். பொழுது ஏறுவதற்குள் சவுக்குத் தோப்பு ஓரம் புதைத்துவிட்டார்கள். நான் மொட்டை மாடியில் தாளைக் காய வைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

பொட்டலத்தை அவள் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எண்ணெய் ஊறி, நெத்திலி வாடை அடிக்கும் அரைத் தாள். எழுத்துகள் பாதி இல்லை. இருந்திருந்தாலும் அங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. மூலையில் அந்தக் கொழுத்த மீன் மட்டும் எண்ணெயையும் மீறிக் கறுப்பாக நின்றது.

அவள் வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். அதை எழுதத் தெரியவில்லை. கருவாட்டுக்கார அம்மா வாயைத் திறக்கும் முன்பே, கூடை இல்லாமல் வருவதைப் பார்த்தே அந்த அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்பதை மட்டும் சொல்கிறேன்.

தம்பி அந்தக் குப்பத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவரைப் பார்த்துக்கொண்ட பெண் கழற்றி வைத்திருந்த அரைஞாண் கயிற்றை வாங்கி வந்தான். ஒரு நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து போகும்போது டீக்கடை ஓரம் நின்றிருந்தான். நான் ஒதுங்கப் பார்த்தேன். கிட்டே வந்தான்.

“வியாளக்கெழம ரயிலுக்குப் போயிருந்தா வெள்ளிக்கெழம அங்க இருந்திருப்பேன். பொழைக்க வெச்சிருப்பேன்னு சொல்லல. வாசலைப் பாத்துகினே இருந்தாராம். நான் போய் நின்னிருப்பேன். அவ்ளோதான்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் ஏதாவது தேடியிருப்பேன்.

நல்ல தாள்கள் இருநூற்றில் ஒன்றைப் பார்த்துக்கூட யாரும் சங்கத்துக்கு எழுதவில்லை. எங்கள் ராயபுரம் ஸ்டேஷன் சுவரில் ஒன்று மழை வரும் வரை இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். எழுத்து அத்தனை சீராக இருந்தது. காரியதரிசி ஒரு வாரம் என்னிடம் வேலை தவிர எதுவும் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள், “நானும்தானேம்மா சொன்னேன்,” என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பேரேட்டைத் திறந்துகொண்டார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் அந்த அக்கா ஆபீஸுக்கு வந்தாள். பொட்டு இல்லை, பூ இல்லை. அதே இடத்தில் அதே மாதிரி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அவுருது போட்டோ ஒண்ணும் இல்ல தங்கச்சி. அந்த மீனு ஒண்ணு வேணும்.”

நல்ல தாளில் ஒன்று மிச்சம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“இது இல்ல. மொதல்ல போட்டியே, குண்டு மீனு. அதான் அவுரு கைல இருந்த மாதிரி கீது.”

அந்த நாற்பதும் சந்தைக்குப் போய்விட்டன. ஆனால் அடித்த ஸ்டென்சிலைத் தூக்கிப் போடும் வழக்கம் எனக்கு இல்லை. பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே தேதி எழுதிப் பெட்டியில் போட்டுவைப்பேன். எடுத்தேன். மை பிசுபிசுத்து, கசங்கி, ஆனால் மீன் இருந்த மூலை முழுதாக இருந்தது.

“அக்கா,” என்றேன். “அன்னிக்கே நான் குடுத்திருந்தா...”

“தம்பி சொன்னான்.”

அவள் இல்லை என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. “மூணு போட்டுக் குடு. பசங்க ரெண்டு பேரும் எனக்குன்னு சண்ட போடுவாங்க,” என்றாள்.

ஸ்டென்சிலை உருளையில் போர்த்தினேன். இப்போது இடது பக்கம் சரியாகிவிட்டதே, எழுத்தெல்லாம் முழுதாக விழும். ‘காணவில்லை’ என்று அவள் வீட்டுச் சுவரில் தொங்க வேண்டாம். ஒரு தாளைக் கிழித்து, எழுத்து இருந்த இடம் முழுவதற்கும் உள்பக்கம் வைத்து மறைத்தேன். மீன் மட்டும் திறந்திருந்தது. கைப்பிடியை மெதுவாகச் சுற்றினேன்.

முதல் தாள் வந்தது. வெள்ளைத் தாளில் கீழ் மூலையில் மீன். கண், செவுள், செதில். அவள் வாங்கி, மை படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஊதினாள். இரண்டாவதும் நன்றாக வந்தது. மூன்றாவதைச் சுற்றும்போது மெழுகுத்தாள் மீனின் முதுகில் கிழிந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே வந்த தாளில் பாதி மீன்தான், மீதி கறுப்பாக வழிந்து கிடந்தது.

பழக்கத்தில் என் கை அதை எடுத்துக் கழிவோடு போடப் போனது.

“இங்க குடு அத்த,” என்றாள் அவள், கையை நீட்டி.